மணி பிடிக்காத பயிருக்கு மணிச்சத்து

பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது. பால்காரருக்கு அவருடைய சகலை தர வேண்டிய தொகை அது. பதினெட்டாயிரத்தையாவது ஆறப்போடலாம். அந்த நானூற்று அறுபதுதான் பால்காரர் நெஞ்சில் முள்ளாக நின்றது. கடன் கேட்டு வந்த அன்று சகலையின் வண்டி டியூப் வெடித்துவிட்டது. திரும்பிப் போக டியூப் வேண்டுமே, பெட்ரோல் வேண்டுமே என்று, வாங்கிய கடனுக்கு மேலே கேட்டு வாங்கிப்போனது அது. கடன் வாங்க வந்துபோன செலவையும் கடன் கொடுத்தவன் தலையிலேயே கட்டிய ஆள் இவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

அக்காளையும் தங்கையையும் கட்டிய இருவர் இவர்கள். அக்காளைக் கட்டியவர் பால்காரர். ஊர் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, ஏழு கறவை மாடு, வீடு வீடாகப் பால் ஊற்ற ஒரு சைக்கிள். ஒரு புல் முளைக்கச் சொந்த மண் கிடையாது. தங்கையைக் கட்டியவருக்கு மண் இருந்தது, வாயும் இருந்தது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தாத அவரை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிட்டார்கள். டீ ஏன் ஆறுகிறது என்று விளக்கம் சொல்லியே பக்கத்தில் இருப்பவன் டீயை ஆறவைத்துவிடுவார்.

கடன் கேட்டு வந்த அன்றும் பாடம்தான் நடத்தினார்.

"சகலை, பாலுக்கு என்ன வேணும்? சுண்ணாம்புச்சத்து. என் நிலத்துல என்ன இருக்கு? சுண்ணாம்பு. ஒரு முழம் வெட்டினா வெள்ளை வெள்ளையா கட்டி வருது. அதுல குதிரைமசால் போட்டோம்னா தீனியோட சேர்ந்து சுண்ணாம்பும் மாட்டு வயித்துக்குள்ள போகுது. நீங்க இப்பவே பெரிய பால் கேனா வாங்கி வச்சுக்குங்க."

குதிரைமசால் மாடுகள் அடித்துப்பிடித்துத் தின்னும் பயிர். ஒரு தரம் விதைத்தால் போதும், அறுக்க அறுக்கத் துளிர்த்துக்கொண்டே இருக்கும் என்று பால்காரரும் கேள்விப்பட்டிருந்தார். மயங்கிவிட்டார். அவர் பணத்தில் வாத்தியாரின் மோட்டார் சரியானது, விதை வந்தது. தினம் கட்டுக்கட்டாகத் தீனி கொட்டகைக்கு வரும், கட்டு விலையைக் கடனில் கழித்துக்கொண்டே வரலாம் என்று பேச்சு.

முதலில் கட்டாகத்தான் வந்தது. பிறகு கட்டு மெலிந்து கைப்பிடியானது. பிறகு வாத்தியார் மட்டும் வந்தார். வந்த கட்டுகளின் விலை யூரியாவுக்கும் கரண்டுக்கும் சரியாகப் போயிற்று என்று அவர் ஒரு கணக்குச் சொன்னார். பால்காரர் அந்தக் கணக்கைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்வார். ஒரு வருஷம் ஓடியும் கடனில் ஒரு காசு குறையவில்லை.

இப்போது தீனியைச் சந்தையில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. பால் விற்ற பணம் அப்படியே வைக்கோலாகி மாட்டு வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. இனி ஒன்றை விற்றுத்தான் மற்றதைக் காப்பாற்ற வேண்டும். விலை போகிற மாடு செவலை ஒன்றுதான். தாய் செத்த கன்றாக வந்து, பால்காரர் மனைவி கையால் புட்டிப்பால் குடித்து வளர்ந்தது அது. வெள்ளிக்கிழமை தரகர் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"போய்ப் பணத்தைக் கேளுங்க. இல்ல தீனியைக் கேளுங்க. ரெண்டுல ஒண்ணு இல்லாம வீட்டுக்கு வராதீங்க" என்று மனைவி துரத்தியதால்தான் அன்று காலை பால்காரர் சகலையின் வயலுக்குப் போனார்.

பயிர் கணுக்கால் உயரத்தில் நின்றது. இலையெல்லாம் சின்னச் சின்னதாக, நீலம் பாய்ந்த கரும்பச்சையில், தூங்குமூஞ்சியாக மடங்கிக் கிடந்தது. தண்டின் அடியில் செம்பு நிறம் ஏறியிருந்தது. இடையிடையே வெள்ளை மண் பல்லிளித்தது.

"எவ்வளவு பச்சை பாருங்க சகலை!" என்றார் வாத்தியார்.

"பச்சையா இருந்து என்ன பண்ண? வளரலையே. சுவத்துல அடிச்ச பெயின்ட்டும்தான் பச்சையா இருக்கு."

"வளரும். தழைச்சத்துதான் மூட்டை மூட்டையா போட்டிருக்கேனே. யூரியா மட்டுமே..."

"உரக்கடைக்காரரு மணிச்சத்து போடச் சொன்னாரே, அது போட்டீங்களா?"

வாத்தியார் சிரித்தார். சிரித்துவிட்டுப் பால்காரர் தோளில் கை போட்டார். அந்தக் கை தோளில் விழுந்தால் அரைமணி நேரத்துக்கு எடுக்காது என்று பால்காரருக்குத் தெரியும்.

"அவன் கடைக்காரன், விக்கிறதுக்கு ஆயிரம் சொல்வான். நாம யோசிக்க வேணாமா? மணிச்சத்துன்னா என்ன? மணி. தானிய மணி. கதிர்ல மணி பிடிக்கிறதுக்குப் போடுறது. நம்ம பயிரைப் பூ விடவே விடாம அறுத்துடுறோம். மணியே பிடிக்காத பயிருக்கு மணிச்சத்து எதுக்கு? மொட்டைத் தலைக்குச் சீப்பு வாங்கவா? நமக்கு வேண்டியது தழை. தழைக்குத் தழைச்சத்து. பேர்லயே இருக்கு சகலை! யார்கிட்டயும் போய்க் கேக்கவே வேண்டியதில்ல."

இந்தப் பாடத்தை எங்கே மடக்குவது என்று தெரியாததுதான் பால்காரருக்கு வயிற்றெரிச்சல். பொய் சொல்கிறவனை மடக்கிவிடலாம். இந்த மனுஷன் பொய் சொல்வதில்லை. தான் சொல்வதை முழுசாக நம்புகிறார், கேட்கிறவனையும் நம்பவைத்துவிடுகிறார். பயிர் மட்டும்தான் அவர் பேச்சை நம்ப மாட்டேன் என்று கணுக்காலோடு நின்றுகொண்டிருந்தது.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார்.

"கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"பேர்லயே இருக்குன்னாரு."

"எது? பணமா?"

"மணி."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கடனை வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினா பாடத்தை வாங்கிட்டு வந்து நிக்கிறீங்க. நான் போறேன், என் தங்கச்சியையே கேக்குறேன்."

"வேணாம். நீ கேட்டா அவ அழுவா. அவ அழுதா நீ அழுவ. கடைசியில நான்தான் ரெண்டு பேருக்கும் டீ வாங்கிக் குடுக்கணும்."

"அப்ப செவலையைப் பிடிச்சுக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் கொட்டகைப் பக்கம் போனாள். போன வேகத்தில் அங்கிருந்து சத்தம் வந்தது. "அடியேய்! விடுடி! என் செருப்பு!"

செவலை வாயில் ஒரு செருப்பின் வார் தொங்கியது. இரண்டு மாதமாகவே அதற்கு இந்தப் புத்தி. சுவரை நக்கும், கயிற்றை மெல்லும், குப்பையில் எலும்பு கிடந்தால் விடாது. கொழுப்பு என்று நினைத்துப் பால்காரர் இரண்டு தட்டுத் தட்டுவார். உடம்பில் எலும்பு எண்ணிக்கொள்ளலாம் போலிருக்கிற மாட்டுக்கு எங்கிருந்து கொழுப்பு வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பால் ஊற்றி முடித்ததும் ஒரு பையில் சகலையின் வயல் மண்ணை அள்ளிக்கொண்டு மண் பரிசோதனை ஆபீசுக்குச் சைக்கிளை மிதித்தார். வேறு போக்கிடம் தெரியவில்லை.

அது ஒரு நீள அறை. மேசையெல்லாம் கண்ணாடிக் குப்பிகள். தரையில் பழைய பேப்பர் விரித்து, கறுப்பும் சிவப்புமாக மண் குவியல்கள் காய்ந்துகொண்டிருந்தன. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த ஒரு அம்மா அவர் பையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் போட்டு, மேலே ஏதோ ஒரு சொட்டு விட்டார். சோடா பாட்டிலைத் திறந்தது போல மண் புஸ்ஸென்று நுரைத்தது.

"நல்ல சுண்ணாம்பு மண்ணு. என்ன பயிர்?"

"குதிரைமசால்ங்க. மாட்டுத் தீனி."

"மணிச்சத்து என்ன போடுறீங்க?"

"அது மணி பிடிக்கிற பயிருக்குத்தானேங்க?" என்றார் பால்காரர். சகலையின் பாடம் தன் வாயிலிருந்தே வருவதைக் கேட்க அவருக்கே கூச்சமாக இருந்தது.

அந்த அம்மா கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். "இதையே சொல்லிட்டு வாரத்துக்கு ஒருத்தராவது வந்துடுறீங்க. மண்ணெண்ணெய்னு ஒண்ணு இருக்கே, அதுக்குப் பேர்ல மண் இருக்கு. அதை வயல்லயா ஊத்துறீங்க?"

பால்காரருக்கு உச்சியில் தண்ணீர் தெளித்தது போலிருந்தது. இந்த ஒரு வரிக்காக அல்லவா அவர் ஒரு வருஷமாக வாயடைத்துக் கிடந்தார்! மண்ணெண்ணெய், மண்ணெண்ணெய் என்று மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு அந்த அம்மா கூப்பிட்டுச் சொன்னார். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணில் அடிமட்டத்தில் இருக்கிறது. வேர் இறங்க அது வேண்டும், அறுத்த பயிர் மறுபடி எழுந்திரிக்க அது வேண்டும். மணிக்கு மட்டும் என்று எவனோ பேர் வைத்ததற்குப் பயிர் என்ன செய்யும்? இருந்த கொஞ்சநஞ்சமும் ஒவ்வொரு அறுப்போடும் வயலை விட்டுப் போய்விட்டது.

"மாடு சுவரை நக்குதா? எலும்பு, கயிறு, செருப்புன்னு எதையாவது மெல்லுதா?"

கை பார்க்காமலே ஜோசியம் சொல்கிறாரே என்று பால்காரர் திடுக்கிட்டார். "செருப்புங்க" என்றார் மெதுவாக.

"யார் செருப்பு?"

"வீட்டுல சம்சாரம் செருப்பு."

"தீனியில மணிச்சத்து இல்லன்னா மாடு அப்படித்தான் தேடித் திரியும். சினை பிடிக்கிறதும் தள்ளிப் போகும். இப்போதைக்குத் தாது உப்பு வாங்கித் தீனியில கலந்து குடுங்க. வயலுக்குச் சொல்றதை நல்லாக் கேட்டுக்குங்க. வீசிப் போடாதீங்க. சுண்ணாம்பு மண்ணுல உரத்தை வீசிக் கலந்தா, சுண்ணாம்பு அதைக் கெட்டியாப் பிடிச்சு வச்சுக்கும். உரம் மண்ணுலதான் இருக்கும், வேருக்குக் கிடைக்காது. கோடு கிழிச்சு, மக்கின எருவோட உரத்தைக் கலந்து கோட்டுக்குள்ள போடுங்க. மேல ரெண்டு விரக்கடை மண்ணைத் தள்ளி, அதுக்கு மேல விதை. அப்படிப் போட்டா பாதி உரம் போதும். ஒரேடியா கொட்டிட்டு நாலு வருஷம் தூங்கவும் கூடாது, வருஷா வருஷம் கொஞ்சம் குடுக்கணும்."

கோடு, எரு, உரம், இரண்டு விரக்கடை, விதை என்று சைக்கிளை மிதிக்கிற தாளத்திலேயே முணுமுணுத்துக்கொண்டு வந்தார் பால்காரர். வழியில் உரக்கடையில் தன் பேரில் மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட் மூன்று மூட்டை கடன் சொன்னார். கடைக்காரர் சாயங்காலமே வயலில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். நேரே சகலை வீட்டு வாசலில் போய்ச் சைக்கிளை நிறுத்தினார். ஒரு வருஷத்துப் பழியைத் தீர்க்கிற வேகம்.

"சகலை, மண்ணெண்ணெய்னு பேர்ல மண் இருக்கே, வயல்லயா ஊத்துறீங்க?"

வாத்தியார் திகைத்து நின்றார். கண்ணை மூடினார், திறந்தார். "அடடா" என்றார். "அடடா, அடடா. சகலை, என்னமா ஒரு கேள்வி! அப்ப பேர் வேற, வேலை வேற!" உடனே வீட்டுக்குள் திரும்பி, "ஏய், இங்க வா, மண்ணெண்ணெய்ல மண் இருக்கா?" என்று மனைவிக்குப் பாடம் ஆரம்பித்துவிட்டார்.

பால்காரரின் கொழுந்தியாள் கையில் கரண்டியோடு வந்து, "வாங்க மாமா. என்ன இது, இவருக்குப் புதுசா எதையாவது சொல்லிட்டீங்களா? இனி ராத்திரிச் சாப்பாட்டுக்கும் இதேதான்" என்றாள் சலிப்போடு.

"இரும்மா. சகலை, இன்னும் இருக்கு, கேளுங்க. உரத்தை வீசக் கூடாதாம்..."

"புரிஞ்சுபோச்சு சகலை! வேருக்கு வேணும், துளிருக்கு வேணும். அப்ப மாட்டுக்கு? மாட்டுக்கும் வேணுமா?"

"மாட்டுக்கும் வேணும். அது இல்லாமத்தான் செவலை செருப்பு திங்குதாம், சினை பிடிக்கிறதும் தள்ளிப் போகுமாம். அது கிடக்கட்டும், கோடு கிழிச்சு..."

"செருப்பு! பார்த்தியா, மாட்டுக்கே தெரிஞ்சிருக்கு!"

கோடு என்ற சொல்லைப் பால்காரர் நாலைந்து தடவை எடுத்தார். ஒவ்வொரு தடவையும் வாத்தியாரின் குரல் அதன்மேல் ஏறிப் போய்விட்டது. சரி, எப்படியும் விதைக்கும்போது நாம் பக்கத்தில் நிற்போம் என்று தொண்டை வறண்டு எழுந்து வந்தார். அங்கேதான் தப்புப் பண்ணினார்.

அடுத்த நாள் பால் ஊற்றிவிட்டு வயலுக்குப் போனால், வயல் வேறு வயலாக இருந்தது. கணுக்கால் பயிரைக் காணோம். முழுக்க உழுது, மண் பொலபொலவென்று கிடந்தது. வரப்பில் மூன்று காலிச் சாக்குகள் ஒழுங்காக மடித்து அடுக்கப்பட்டிருந்தன. உடம்பெல்லாம் சாம்பல் பூசினாற்போல உரத்தூளோடு வாத்தியார் ஓடிவந்தார்.

"முடிச்சுட்டேன் சகலை! உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு விடியறதுக்குள்ள ஆரம்பிச்சேன். மூணு மூட்டையும் ஒரு மணி வீணாகாம என் கையாலயே வீசிட்டேன். வீசின சூட்டோட டிராக்டர் விட்டுக் கலக்கியாச்சு. ஒரு சாண் ஆழத்துக்கு மாவு மாதிரி கலந்திருக்கு."

பால்காரர் வரப்பில் உட்கார்ந்தார்.

"வீசக் கூடாதுன்னு சொன்னேனே."

"எப்ப?"

"நேத்து. நாலு தடவை."

"என் காதுல விழலையே சகலை."

"எப்படி விழும்? உங்க வாய் மூடினாத்தானே காது திறக்கும்? சுண்ணாம்பு பிடிச்சு வச்சுக்கும்யா! மூணு மூட்டையும் போச்சு!"

"போச்சுன்னா எங்க போச்சு? எங்கயும் போகல. மண்ணுக்குள்ளதானே இருக்கு?"

"என் பதினெட்டாயிரத்து நானூத்தி அறுபதும் எங்கயும் போகல. உங்ககிட்டதான் இருக்கு. என் கைக்கு வருதா?"

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து, "அருமையான உதாரணம் சகலை. இப்பத்தான் எனக்கு நல்லா விளங்குது" என்றார்.

பால்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நிஜமாகவே அடித்துக்கொண்டார், சத்தம் கேட்டது. எழுந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஏறி மிதிக்கத் தெம்பில்லை. இனி செவலையை விற்பதைத் தவிர வழியில்லை என்று முடிவாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை தரகர் வந்தார். செவலையின் பல்லைப் பார்த்தார், மடியைத் தொட்டார், சுற்றி வந்தார். "மெலிஞ்சு கிடக்கு. ஆனா நல்ல சாதி. தேத்திக்கலாம்" என்று ஒரு விலை சொன்னார். பால்காரர் ஒரு விலை சொன்னார். இருவரும் நடுவில் எங்கேயோ வந்து நின்றார்கள். பால்காரர் மனைவி கொட்டகைக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். தரகர் மடியிலிருந்து முன்பணத்தை எடுத்தார்.

அப்போதுதான் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. வாத்தியார்.

"சகலை, நான் பேசுறேன், நீங்க சும்மா இருங்க" என்று காதோரம் கிசுகிசுத்துவிட்டு அவர் தரகரைப் பார்த்தார். "அண்ணே, மாடு மெலிவா இருக்குன்னுதானே விலையைக் குறைக்கிறீங்க? இது நோய் மெலிவு இல்ல. காரணம் தெரிஞ்ச மெலிவு. என்ன காரணம்? தீனியில மணிச்சத்து இல்ல. அதனாலதான் இந்த மாடு செருப்பு திங்குது."

தரகரின் கை நின்றது. "செருப்பு திங்குதா?"

"செருப்பு, கயிறு, எலும்பு, எல்லாம் திங்கும். அது தப்பு இல்ல, அதோட உடம்பு கேக்குது. சினை பிடிக்கிறதுகூட இதனாலதான் தள்ளிப் போகுது."

"சினை வேற பிடிக்காதா?"

"பிடிக்கும்ணே. பிடிக்காதுன்னு யார் சொன்னா? தள்ளிப் போகும். விளக்கமாச் சொல்றேன், சுண்ணாம்பு மண்ணு இருக்கு பாருங்க..."

தரகர் விளக்கத்துக்கு நிற்கவில்லை. பணம் மடிக்குள் போனது. "ஏன்யா, நல்ல மாடுன்னு கூப்பிட்டுச் செருப்பு திங்குற மலட்டு மாட்டைத் தலையில கட்டப் பார்க்கிறீங்க" என்று பால்காரரிடம் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார்.

செவலை தன் பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருந்தது.

"விலையை ஏத்தலாம்னு பார்த்தேன் சகலை" என்றார் வாத்தியார். அவர் குரல் இறங்கிப் பால்காரர் கேட்டது அதுதான் முதல் தடவை. "உங்க கடனை நினைச்சா எனக்குத் தூக்கமே வர்றதில்ல. எதையாவது செஞ்சு தீர்த்துடணும்னுதான் எல்லாத்தையும் செய்யறேன்."

பால்காரர் ஏதோ கடுமையாகச் சொல்ல வந்தார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி உள்ளே வந்து செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "தம்பி, உங்க வாய் இன்னிக்கு ஒரு நாள் நல்ல காரியம் பண்ணிச்சு. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். பால்காரர் வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டார்.

மாடு மிஞ்சியது, தீனி இல்லையே. பால் சொசைட்டியில் போய்க் கை நீட்டி முன்பணம் வாங்கினார். அதில் வைக்கோலும் தாது உப்பும் போக, புதுசாக விதையும் மணிச்சத்துள்ள டிஏபி உரம் ஒரே ஒரு மூட்டையும்தான் வாங்க முடிந்தது. பாதி வயலுக்குத்தான் வரும். கொட்டகைக் குப்பையிலிருந்து மக்கிய எருவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போனார். துணைக்குக் கொழுந்தியாளைக் கூப்பிட்டார்.

"அவரு?" என்றாள் அவள்.

"அவரு வரப்புல உக்காரட்டும். உள்ள இறங்கினா நான் கிளம்பிடுவேன்."

பால்காரர் ஒரு சாணுக்கு ஒரு சாண் கோடு கிழித்துக்கொண்டே போக, கொழுந்தியாள் எருவும் உரமும் கலந்ததைக் கோட்டுக்குள் இழையாக விட்டுக்கொண்டே வந்தாள். பிறகு திரும்பி வந்து இரண்டு விரக்கடை மண்ணைக் காலால் தள்ளி, விதை தூவி, மேலாக மூடினார்கள். இடுப்பு ஒடிகிற வேலை. வரப்பிலிருந்து வாத்தியார் ஒவ்வொரு கோட்டுக்கும் "கொஞ்சம் இடப்பக்கம் சாயுது சகலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாதி வயலோடு உரம் தீர்ந்தது.

"மீதிப் பாதிக்கு எதுக்கு உரம்? அதுல நான் போட்டதே இருக்கு" என்று வாத்தியார் மிச்ச விதையை அள்ளி மீதிப் பாதியில் தானே வீசினார். பால்காரருக்குத் தடுக்கத் தோன்றவில்லை. முதுகை நிமிர்த்தவே முடியவில்லை.

முதல் அறுப்புக்குப் போனபோது வயலைப் பார்த்துப் பால்காரர் சைக்கிளிலிருந்து இறங்க மறந்து ஒரு காலை ஊன்றியபடி நின்றார். கோடு கிழித்த பாதி தொடை உயரத்துக்கு நெருக்கமாக நின்றது. இலை அகலமாக, தெளிந்த பச்சையில் விரிந்திருந்தது. வாத்தியார் வீசிய பாதி பழையபடியே கணுக்காலில் கறுத்துக் கிடந்தது. நடுவில் கத்தியால் வெட்டினாற்போல ஒரு எல்லை.

ரோட்டோரம் சைக்கிளை நிறுத்திய இரண்டு பேருக்கு வாத்தியார் விளக்கிக்கொண்டிருந்தார். "ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கணும்ல? அதுக்காகத்தான் நான் முதல்ல வீசிப் போட்டது. எல்லாரும் சகலையைச் சொல்றாங்க. ஆனா இந்தப் பாதி இப்படி நிக்கலைன்னா அந்தப் பாதி உசரம்னு யாருக்குத் தெரியும்?"

பால்காரர் அந்தப் பக்கமே பார்க்காமல் அரிவாளை எடுத்தார். அவரும் கொழுந்தியாளும் அறுத்துப் போட்டார்கள். மாசக்கணக்கில் சந்தை வைக்கோலைத் தின்று சலித்த ஏழு மாட்டுக்கும் வயிறு நிறையும். முதல் கட்டைக் கட்டித் தலையில் தூக்கி நிமிர்ந்தார். எதிரே வாத்தியார் வந்து நின்றார்.

"சகலை, கணக்கை இப்பவே பார்த்துடலாம். ஒரு கட்டுக்கு என்ன விலை போடுறோம்? சந்தை விலையா, சொந்த விலையா? அதுல நிலத்துக்குக் குத்தகை கழிக்கணும், தண்ணி, கரண்டு, அப்புறம் ஒப்பிட்டுப் பார்த்த செலவு. அந்தப் பாதியில எனக்கு நஷ்டம்தானே? அதுல பாதியை உங்க பக்கம் எழுதினா நியாயமா இருக்கும். ஆக இன்னிக்குக் கடன்ல கழியறது..."

பச்சைத் தீனி கனம். பால்காரரின் கழுத்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. கொட்டகையில் மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். வாத்தியார் விரலை மடக்கி, மடக்கிய விரலைத் திறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். தினம் இந்தக் கட்டு, தினம் இந்தக் கணக்கு. பதினெட்டாயிரமும் கழிந்து தீர்வதற்குள் தன் காலமே கழிந்துவிடும் என்று பால்காரருக்குத் தெளிவாகத் தெரிந்தது. இவ்வளவு நாளும் இந்த மனுஷன் மூட்டை மூட்டையாக யூரியா கொட்டியதும், விடிவதற்குள் எழுந்து உரம் வீசியதும், தரகரை விரட்டியதும் எல்லாம் அந்தக் கடன் கொடுத்த அரிப்பில்தான் என்பதும் தெரிந்தது.

"நிறுத்துங்க சகலை" என்றார்.

"இருங்க, இந்தக் கரண்டை மட்டும்..."

"கடன் வேணாம்."

வாத்தியாரின் விரல் மடங்கியபடியே நின்றது. "எது வேணாம்?"

"பதினெட்டாயிரத்து நானூத்தி அறுபது. மொத்தமும். நீங்க எனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல. இன்னியிலிருந்து கட்டுக்கு இவ்வளவுன்னு காசை அன்னன்னிக்கு உங்க வீட்டுக்காரம்மா கையில குடுத்துட்டு எடுத்துட்டுப் போறேன். வருஷா வருஷம் கோடு கிழிச்சு உரம் போடுறது என் வேலை. எனக்கு நீங்க ஒரே ஒரு உதவி பண்ணுங்க."

"சொல்லுங்க சகலை, என்ன உதவி வேணும்னாலும்..."

"உதவி பண்ணாதீங்க."

வாத்தியார் இதை நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது. கொழுந்தியாள் அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்தாள்.

"மாமா, இதுக்கு அவரு கடனையே புரட்டிக் கட்டிடுவாரு. சும்மா இருன்னா அவரால முடியுமா?"

"முடியும்" என்றார் வாத்தியார் ரோஷமாக. "ஏன் முடியாது? சும்மா இருக்குறதுன்னா என்ன? முதல்ல..."

கொழுந்தியாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது. அவர் வழியை விட்டு விலகி நின்றார், பால்காரர் கட்டோடு வரப்பில் ஏறினார். கடன் அத்தோடு தீர்ந்தது.